நான் 'வெரி குட்' என்று சொன்ன சாப்பாடு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிறு என் மகன் ஒரு போட்டோ போட்டிருந்தான். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, பின்னால் நியான் விளக்குப் பலகை, முன்னால் ஒரு தட்டு ஸ்பகெட்டி, அதற்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான். 'அப்பாவின் 75வது பிறந்தநாள், அம்மாவுக்குப் பிடித்த பழைய இத்தாலியன் ரெஸ்டாரன்ட் மறுபடியும் திறந்தாச்சு' என்று எழுதியிருந்தான். 'சார் செம', 'மாமா கலக்குறீங்க', 'பெரியப்பா, எங்களுக்கும் ஒரு பார்சல்' என்று ஏகப்பட்ட வாழ்த்து. எல்லோருக்கும் நன்றி.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சாப்பாடு நன்றாக இல்லை. நன்றாக இல்லை என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. பரிமாறிய பையன் வந்து 'எவ்ரிதிங் ஓகே?' என்று கேட்டபோது நான் 'வெரி குட்' என்றேன். 36 வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்து, பொய் ரீடிங் எழுதிய பிள்ளைகளை லேபுக்கு வெளியே நிறுத்தியவன், 75 வயசில் ஒரு தட்டு ஸ்பகெட்டிக்காகப் பொய் சொன்னேன். மகன் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், அவன் முகம் வாடக்கூடாது என்பதுதான் காரணம்.

அதோடு விட்டிருப்பேன். போட்டோவுக்குக் கீழே என் பழைய மாணவன் ஒருவன் எழுதியதைப் பார்த்த பிறகுதான் விட முடியவில்லை. 'சார், இன்டீரியர் சூப்பர். எங்க அப்பா மெஸ்ஸையும் இதே மாதிரிதான் ரீ ஓப்பன் பண்ணப் போறேன். பழைய போர்டு, அப்பா போட்டோ, பழைய பெஞ்ச், எல்லாம் அப்படியே' என்று எழுதியிருந்தான். தம்பி, இந்தப் பதிவு முக்கியமாக உனக்குத்தான். மற்றவர்கள் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் பழைய கதை. 2008ல் நானும் உங்கள் டீச்சரம்மாவும் முதல்முறை இங்கே வந்தோம். ரயிலடிக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மேஜை போட்ட சின்னக் கடை. கல்லாவில் ஒரு பெரியவர், அடுக்களையில் அவர் மனைவி. அந்த அம்மாவின் குடும்பம் தெற்கு இத்தாலியில் கலாப்ரியா பக்கத்திலிருந்து வந்தது. டீச்சரம்மா முட்டைகூடச் சாப்பிடாதவள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மகன் அதை விளக்கிச் சொல்ல, அந்த அம்மா கைத்துடைக்கும் துணியோடு உள்ளேயிருந்து வெளியே வந்தார். பாஸ்தா பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார்: கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும், முட்டை கிடையாது. பிறகு ஒரு கிண்ணத்தில் காய்ந்த மிளகாயைக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொன்னார். 'அட, நம்ம ஊர் மிளகாய்தாங்க இது' என்றாள் இவள். ஒருவகையில் சரிதான். கலாப்ரியா மிளகாயும் நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிய ஒரே குடும்பம். அங்கே ஸ்பானியர்கள் வழியாகப் போனது, இங்கே போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அன்று அந்த அம்மா செய்து கொடுத்ததன் பெயர் அலியோ எ ஓலியோ. அலியோ என்றால் பூண்டு, ஓலியோ என்றால் எண்ணெய். ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், உப்பு, மேலே கொஞ்சம் பார்ஸ்லி தழை. அவ்வளவுதான். சீஸ்கூட வேண்டாம். நல்லதாயிற்று, ஏனென்றால் அசல் பார்மிஜியானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைப்பார்கள். சைவக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் என்ன செய்வீர்களோ, அது உங்கள் பாடு.

2015ல் மறுபடி போனபோது அந்த அம்மா இவளை அடையாளம் கண்டுகொண்டு, மெனு கார்டே கொடுக்காமல் அதே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். 2020ல் கொரோனாவோடு கடை மூடிவிட்டது. இவளும் போய் நான்கு வருஷம் ஆகிறது.

இப்போது வேறொரு கம்பெனி அந்தப் பெயரை வாங்கிக் கடையைத் திறந்திருக்கிறது. இவர்களுக்கு இன்னும் ஐந்தாறு ரெஸ்டாரன்ட் இருக்கிறதாம். வாசலில் அதே பலகை. சுவரில் அந்தப் பெரியவரும் அம்மாவும் இளமையில் எடுத்துக்கொண்ட போட்டோக்களைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மெனு கார்டின் முதல் பக்கம் முழுக்க அந்த அம்மாவின் கதை. 'நொன்னாவின் கையிலிருந்து உங்கள் தட்டுக்கு' என்று தலைப்பு. நொன்னா என்றால் பாட்டி. இடம் பிடிக்க மூன்று வாரத்துக்கு முன்பே மகன் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கிடைத்த நேரம் மாலை 5.15. அதுவும் 90 நிமிஷத்துக்குள் எழுந்துவிட வேண்டும். முன்பு சும்மா வந்த ரொட்டிக்கு இப்போது 9 டாலர்.

நான் அதே அலியோ எ ஓலியோ கேட்டேன். 27 டாலர். வந்த தட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடியில் எண்ணெய் குளம் கட்டி நிற்கிறது, மேலே ஸ்பகெட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வாயில் வைத்தால் லேசான புளிப்பு. அதற்கும் மேலே ஒரு வாசனை, காஸ் சிலிண்டர் கசிவதுபோல. மெனுவைத் திரும்பப் பார்த்தேன். 'டிரஃபிள் எண்ணெயோடு' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

வாத்தியார் புத்தி, காரணம் தேடாமல் இருக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாஸ்தா வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரில் இறங்கும். நம் சோற்றுக் கஞ்சி மாதிரிதான். அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் ஊற்றி, சூடான பாஸ்தாவையும் போட்டு வேகமாகக் குலுக்கினால், எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்மமாகும். பிளஸ் டூவில் எமல்ஷன் என்று படித்தீர்களே, அதுவேதான். அந்தப் பால்மம் ஒவ்வொரு இழையிலும் போர்த்தினாற்போல ஒட்டிக்கொள்ளும். இந்த உணவின் ரகசியமே அந்த ஒரு கரண்டிக் கஞ்சித் தண்ணீர்தான். காலையிலேயே வேகவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி, குளிர்பெட்டியில் வைத்து, ஆள் வந்ததும் சுடவைத்துக் கொடுத்தால் அது நடக்காது. எண்ணெய் தனி, பாஸ்தா தனி. பாதி வேகவைத்து வைத்துக்கொள்வது பெரிய ஓட்டல்களில் சகஜம், அதைக் குற்றம் சொல்லவில்லை. கடைசி இரண்டு நிமிஷ வேலையை அடுப்பில் செய்ய வேண்டும். அதைத்தான் செய்யவில்லை.

அடுத்து பூண்டு. முழுப் பூண்டுக்கு மணம் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? நறுக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த அலியினும் அலினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அலிசின் உண்டாகிறது. மணம் அப்போதுதான் பிறக்கிறது, பிறந்த கையோடு குறையவும் ஆரம்பிக்கிறது. அதனால்தான் அந்த அம்மா ஆர்டர் வந்த பிறகு பூண்டை நறுக்குவார். அடுக்களைக் கதவு திறந்தே இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். பாட்டிலில் அடைத்து வரும் நறுக்கின பூண்டு கெடாமலிருக்க அமிலம் சேர்க்கிறார்கள். என் தட்டில் இருந்த புளிப்பு அதுதான் என்று என் நாக்கு சொல்கிறது.

டிரஃபிள் எண்ணெய்க்கு வருவோம். டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் காளான், விலை எக்கச்சக்கம். ஆனால் கடையில் விற்கும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் காளான் வாசத்துக்குக்கூட இருக்காது. 2,4-டைதயாபென்டேன் என்ற சேர்மத்தைச் செயற்கையாகத் தயாரித்து எண்ணெயில் கலக்கிறார்கள். நடுவில் ஒரு மெத்திலீன், அதற்கு இருபுறமும் கந்தகம், அதற்கும் அப்பால் ஒவ்வொரு மெத்தில். நம் பள்ளிப் பையன்களே வரைந்துவிடுவார்கள். கலாப்ரியாக்காரப் பாட்டி இதை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டார். அந்த எண்ணெய் எதற்கு? அடியில் செய்யாமல் விட்ட வேலையை மூடி மறைக்க. விலையில் ஒரு பத்து டாலர் ஏற்ற.

மகன் வாங்கிய சிக்கன் பார்மிஜானாவும் சுமார்தான், மருமகளின் கத்திரிக்காய் தேவலை. டிராமிசு பரவாயில்லை. டிப்ஸோடு 240 டாலர். நம் காசில் 20,000 ரூபாய்க்கு மேல்.

இங்கே சிலர் கையைத் தூக்குவீர்கள். 'சார், கும்பகோணத்துக்காரருக்கு இத்தாலியச் சாப்பாட்டில் அசல் எது, போலி எது என்று என்ன தெரியும்?' நியாயமான கேள்வி. ஆனால் நான் அசல் இத்தாலி வேண்டும் என்று சண்டை போடவில்லை. அந்தப் பழைய கடையும் அசல் இத்தாலி இல்லை. 1880லிருந்து 1920 வரை 40 லட்சம் இத்தாலியர்களுக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் பக்கத்து ஏழை ஜனங்கள். ஊரில் விசேஷ நாளில் மட்டுமே கறி பார்த்தவர்களுக்கு இங்கே வாராவாரம் கறி வாங்க முடிந்தது. கத்திரிக்காயில் செய்த பார்மிஜானா கோழியில் வந்தது. தனியாகச் சாப்பிட்ட கறி உருண்டை பெரிதாகி ஸ்பகெட்டி மேலே ஏறி உட்கார்ந்தது. ரோமில் ஆல்ஃபிரெடோ தி லேலியோ வெண்ணெயும் சீஸும் மட்டும் போட்டுச் செய்ததில் அமெரிக்காக்காரர்கள் கிரீமைச் சேர்த்தார்கள். இதெல்லாம் போலி இல்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்த சாப்பாடு. அதற்கு நான் தலைவணங்குவேன்.

எனக்குப் பிரச்சினை வேறு. நீ உன் பெயரில் கடை திறந்து, டிரஃபிள் எண்ணெய் என்ன, தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கூடப் பாஸ்தா கொடு. பிடித்தால் வருவேன், பிடிக்காவிட்டால் வேறு கடை. அந்த அம்மாவின் போட்டோவைச் சுவரில் மாட்டி, அவர் கை பட்டது என்று கார்டில் அச்சடித்துவிட்டு அதைச் செய்யாதே. அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவன் பசிக்காக மட்டும் வருவதில்லை. 40 வருஷமாக அந்த அம்மா அடுப்படியில் நின்று சேர்த்த நம்பிக்கையை நீ வட்டிக்கு விட்டுச் சம்பாதிக்கிறாய்.

பில் கொடுக்கும்போது மேனேஜரிடம் பேச்சுக்கொடுத்தேன். இளைஞர், நல்ல மாதிரி. 'அந்த அம்மா எங்கே இருக்கிறார்?' 'ஃப்ளோரிடாவில், மகன் வீட்டில்.' 'உங்கள் சமையல்காரர்களுக்கு அவர் ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா?' கொஞ்சம் முழித்தார். பெயரும் போட்டோக்களும் பலகையும் முறையாக விலை கொடுத்து வாங்கியவை என்றார். மெனுவை எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரு செஃப் தயாரிக்கிறாராம், சாஸ் வேறு ஊரில் உள்ள பொதுச் சமையலறையிலிருந்து வருகிறதாம். எல்லாம் பெருமையாகத்தான் சொன்னார். போட்டோவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், போட்டோவில் இருக்கும் மனுஷி உயிரோடு இருக்கிறார், அவரிடம் ஒரு வாரம் போய் நிற்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபம் சாப்பாட்டைவிட இதற்குத்தான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை, லேபிள், சிவப்பு மையில் தலைப்பு, ஸ்கேல் வைத்து மார்ஜின் எல்லாம் பிரமாதமாகப் போட்டுக்கொண்டு வருவீர்கள் சிலர். உள்ளே பியூரெட் ரீடிங் மட்டும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. கையில் பிப்பெட் பிடித்ததே கிடையாது. யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன், இன்று இரண்டு பேர் பெரிய பதவியில் இருக்கிறீர்கள். இந்த ரெஸ்டாரன்ட் அந்த ரெக்கார்டு நோட்டுதான்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நெடுஞ்சாலையில் காரில் போங்கள். கும்பகோணம் டிகிரி காபி என்று பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை. பித்தளை டவரா டம்ளர் பளபளவென்று இருக்கும், உள்ளே இருப்பது சர்க்கரைத் தண்ணீர். பால்மானியில் டிகிரி பார்த்து வாங்கிய தண்ணீர் கலக்காத பால் என்பதால் டிகிரி காபி என்று பெயர் வந்ததாக எங்கள் ஊரில் சொல்வார்கள். இந்தக் கடைகளில் பால்மானியை விட்டால் அது வெட்கப்பட்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரின் பேரைக் கெடுக்கிறார்கள் என்று யாராவது சண்டை போட்டோமா? டம்ளரைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம்.

இங்கேதான் நம்மையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது. கடைக்காரன் எதற்குக் காசு செலவழிப்பான்? எதை நாம் பார்க்கிறோமோ அதற்கு. அன்று என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தட்டுக்கு முன்னால் சுவரைப் படம் எடுத்தார்கள். நானும் என் மகனும் அதே வேலைதான் செய்தோம். சாப்பிட்டவன் 'வெரி குட்' என்கிறான், படம் ஊர் சுற்றுகிறது, அடுத்த வாரத்துக்கு மூன்று வாரம் முன்பே இடம் நிரம்புகிறது. அப்புறம் பூண்டை நறுக்க ஆள் போட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

வாடகை, சம்பளம், சாமான் விலை எல்லாம் ஏறிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு சமையலுக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். ஆனால் இந்த ஒரு பதார்த்தத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஐந்தாறு சாமான், எல்லாம் மலிவு. இதில் செலவாவது பத்து நிமிஷக் கவனம் மட்டும்.

வீட்டுக்கு வந்து பெரிதாக அலுத்துக்கொண்டேன். என் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: 'மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க அத்தையைத் தேடிக்கிட்டு அங்க போனீங்க. எந்த செஃப் வந்தாலும் அதைத் தட்டுல வைக்க முடியாது.'

வாயடைத்துப் போனேன். இரண்டு நாள் அதையே யோசித்தேன். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வயசானவன் நாக்கில் பழைய நாளின் ருசி கொஞ்சம் கலந்துதான் இருக்கும். சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மகன் வீட்டு அடுப்பில் நானே இறங்கினேன். ஒரு பாக்கெட் ஸ்பகெட்டி 2 டாலர், நான்கு பேருக்குத் தாராளம். பூண்டு எட்டுப் பல், மெல்லிசாகச் சீவினேன். முதல் தடவை கருகிவிட்டது. இந்த ஊர் மின்சார அடுப்பை அணைத்தாலும் சூடு இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டாம் தடவை குளிர்ந்த எண்ணெயிலேயே பூண்டைப் போட்டு, சின்னச் சூட்டில் வைத்தேன். பொன்னிறம் வரும்போது மிளகாயைக் கிள்ளிப் போட்டேன், ஒன்றரைக் கரண்டி கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு நிமிஷம் முன்னதாகவே எடுத்த பாஸ்தாவை அதில் போட்டுக் குலுக்கினேன். எண்ணெய் பால்போல வெளுத்து இழையெல்லாம் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா செய்ததுபோல வந்ததா? இல்லை. உப்பு குறைச்சல். என் கைக்கு நானே 60 மார்க் போடுவேன். அந்த 27 டாலர் தட்டுக்கு 20 போட மாட்டேன். பேத்தி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மருமகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, 'சரி மாமா, அத்தை மேட்டர் பாதிதான்' என்று ஒப்புக்கொண்டாள்.

டீச்சரம்மா அந்த மேஜையில் இல்லாதது கடைக்காரன் குற்றமில்லை. மீதிப் பாதி அவன் குற்றம்தான். அதை அன்றைக்கே அந்த மேனேஜரிடம் மரியாதையாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நேற்று மகனை எழுத வைத்து அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். காசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஃப்ளோரிடாவுக்கு ஒரு டிக்கெட் எடுங்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை. போட்டோவை எடுத்துவிடவா அப்பா என்று மகன் கேட்டான். இருக்கட்டும், கீழே இந்தப் பதிவின் லிங்கைப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

இனி உனக்கு, தம்பி. உன் அப்பா மெஸ்ஸில் நான் 19 வருஷம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். மாசக் கணக்கு நோட்டில் என் பெயர் இருக்கும், எடுத்துப் பார். கல்லாவில் உட்கார்ந்து எல்லோரையும் வாய் நிறைய வாங்க என்று கூப்பிட்டது உன் அப்பா. ஆனால் அந்த வத்தக்குழம்பை வைத்தது அவரில்லை. உள்ளே புகையில் உட்கார்ந்திருந்த உன் பெரியம்மா. வெளியே வந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை, சுவரில் மாட்ட அவர் போட்டோகூட உன்னிடம் இருக்காது. புளியை எத்தனை நேரம் ஊறவைப்பார், வெந்தயத்தை எப்போது போடுவார், மணத்தக்காளி வற்றலை எங்கே வாங்குவார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நீ அப்போது ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தாய்.

அவர் இப்போது மன்னார்குடியில் மகள் வீட்டில் இருப்பதாகப் போன பொங்கலுக்குச் சொன்னாய். வயசு எண்பதைத் தாண்டியிருக்கும். நான் அடுத்த மாதம் 14ஆம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன். போர்டுக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. ஒரு போன் பண்ணு, காலை பஸ்ஸில் சேர்ந்தே போவோம். அளவு எழுதிக்கொள்ள ஒரு நீள நோட்டு நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ புளியும் வற்றலும் வாங்கிக்கொண்டு வா.